சம்பளம் 5-ஆம் தேதி, பென்ஷன் 10-ஆம் தேதி: ஆப்பிள் மலையில் ஒரு வாரம்

நம்மூர்ப் பழக்கடையில் ஆப்பிள் இரண்டே ஜாதிதான். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாஷிங்டன், ஒட்டாவிட்டால் சிம்லா. காஷ்மீரிலிருந்து லாரி ஏறி வந்த பழமாக இருந்தாலும் கடைக்காரருக்கு அது சிம்லா ஆப்பிள்தான். அதை நம்பி சிம்லாவில் இறங்கி ஆப்பிள் மரம் தேடினால் மால் ரோடும் குரங்குகளும்தான் கிடைக்கும். மரத்தைப் பார்க்க இன்னும் மேலே போக வேண்டும். அப்படித்தான் 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் சிம்லாவிலிருந்து நார்கண்டா வழியாக கோட்கட் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அறுபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான் நார்கண்டா. ஆனால் அது ஆப்பிள் சீசன். தியோக் தாண்டியதிலிருந்து சாலை முழுக்க லாரியும் பிக்கப்பும், அத்தனையிலும் அட்டைப்பெட்டி. மதியானா என்று ஓர் ஊர் வருகிறது, அதற்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம், சிரித்துக்கொள்ளப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். அரசு பஸ்ஸில் அவர்களுக்குப் பாதி டிக்கெட்தான் என்று கண்டக்டர் சொன்னார். நம்மூரில் முழு இலவசம் என்றேன், "உங்க அரசாங்கத்துக்குப் பணம் இருக்கு சார்" என்றார். அது எவ்வளவு கனமான பதில் என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஹிமாச்சலம் இந்தியாவிலேயே அதிகமாகக் கிராமத்தில் வாழும் மாநிலம். 2011 கணக்கெடுப்புப்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிராமத்தில். பீகார்கூட அதற்குக் கொஞ்சம் கீழேதான். கிராமம் நிறைய என்றால் ஏழ்மையும் நிறைய இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கோடு போயிருந்தேன். கோட்கட்டில் நான் தங்கிய வீட்டின் முன்னால் இரண்டு கார் நின்றது. கூரை பச்சை வண்ணத் தகடு, உள்ளே மர வேலைப்பாடு, சமையலறையில் நடுவே தந்தூர் அடுப்பு, அதைச் சுற்றித்தான் குளிர்காலம் முழுக்கக் குடும்பமே உட்கார்ந்திருக்குமாம். பிள்ளைகள் எல்லோரும் படித்தவர்கள். கிராமம்தான், ஆனால் நான் நினைத்துப் போன கிராமம் இல்லை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், ஊரே மாஸ்டர்ஜி என்று கூப்பிடுகிறது. எழுபது வயசிருக்கும், என்னை "பேட்டா" என்றுதான் அழைப்பார். போன முதல் நாள் மாலை டீ குடித்துக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், திரும்ப எடுத்துப் பார்த்தார். ஏதாவது அவசரமா மாஸ்டர்ஜி என்று கேட்டேன். பென்ஷன் இன்னும் வரவில்லையாம். மருமகளும் ஆசிரியை, அவர் சம்பளமும் வரவில்லை. மாதம் பிறந்து மூன்றாம் நாள். இத்தனை வருஷத்தில் ஒன்றாம் தேதி தவறியதே இல்லை என்றார்.

அந்த மாதம் மாநிலம் முழுக்க அதே கதைதான். சம்பளம் 5-ஆம் தேதி, பென்ஷன் 10-ஆம் தேதி என்று ஆனது. முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு சட்டப்பேரவையில் சொன்ன விளக்கம் என்னவென்றால், மத்திய அரசின் வருவாய்ப் பற்றாக்குறை மானியம் 520 கோடி 6-ஆம் தேதி வருகிறது, வரிப் பங்கு 740 கோடி 10-ஆம் தேதி வருகிறது, 1-ஆம் தேதியே சம்பளம் போட வேண்டுமானால் கடன் வாங்கி வட்டி கட்ட வேண்டியிருக்கிறது, அந்த வட்டியை மிச்சம் பிடிக்கிறோம் என்பதுதான். அதற்குச் சில நாள் முன்பு முதல்வரும் அமைச்சர்களும் தங்கள் சம்பளத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்திருந்தார்கள். வீட்டில் மளிகைக் கடன் கட்டச் சம்பள நாளைப் பார்த்திருக்கும் குடும்பம் மாதிரி ஒரு மாநிலம். இதில் எனக்குக் கேலி ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஓடியது ஒரு காலத்தில்.

எப்படி இப்படி ஆனது என்று மாஸ்டர்ஜியைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். நான் சுருக்கிச் சொல்கிறேன். மாநிலத்தின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு என்று பதிவாகியிருக்கிறது, அதைத் தொட முடியாது. பெரிய தொழில் என்றால் சமவெளி ஓரத்தில் இருக்கும் பத்தி என்ற ஊர், அதுவும் 2003-இல் கொடுத்த வரிச் சலுகையால் மருந்துக் கம்பெனிகள் வந்து குவிந்த இடம். நாம் விழுங்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பல தடவை அங்கேதான் தயாராகியிருக்கும். ஆனால் ஜிஎஸ்டி வந்தபின் வரி, பொருள் விற்கும் இடத்துக்குப் போகிறது, செய்யும் இடத்துக்கு இல்லை. மாத்திரையைச் செய்வது ஹிமாச்சலம், காய்ச்சல் வருவது அந்த மாநிலத்தின் எழுபது எண்பது லட்சம் பேரைத் தாண்டி மற்ற நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, வரி அங்கே போய்விடுகிறது. ஜிஎஸ்டி இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. பற்றாக்குறை மானியம் 2021-22-இல் 10,249 கோடி, படிப்படியாக இறங்கி 2025-26-க்கு வெறும் 3,257 கோடி என்று நிதிக்குழு முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. செலவோ ஏறுகிறது. பழைய பென்ஷன் திட்டத்தை 2023-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் என்றும் ஒரு வாக்குறுதி. நான் போனபோது கடன் 85,000 கோடியைத் தாண்டியிருந்தது. தலைக்கு ஒரு லட்சத்துக்கு மேல்.

பழைய பென்ஷன் தப்பா என்று மாஸ்டர்ஜியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "இங்கே ஆப்பிள் இல்லாத வீட்டுக்கு அரசாங்க வேலைதான் ஆப்பிள் மரம்." இந்த ஒரு வரியைக் கேட்டபின் அந்தத் திட்டத்தைத் திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை.

மறுநாள் தோட்டம். கோட்கட்டின் ஆப்பிளுக்குப் பின்னால் ஓர் அமெரிக்கர் இருக்கிறார், சாமுவேல் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாப் பணக்கார வீட்டுப் பிள்ளை, 1904-இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தார், கோட்கட்டில் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன் குலு பக்கம் வைத்திருந்தது புளிப்பு ஜாதி. இந்தியர் நாக்குக்கு ஏறவில்லை. இவர் 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து டெலிசியஸ் என்ற இனிப்பு ஜாதிக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டு, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஜெயிலுக்குப் போனார், 1932-இல் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டுக் கடனில் கிடந்த மலைச்சரிவில் இன்று சுமார் 5,000 கோடி ரூபாய்ப் பொருளாதாரம் என்று பேசுகிறார்கள் என்றால் அதன் வேர் இந்த ஊர்தான்.

தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்க வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. கிட்டே போனால் ஆலங்கட்டி மழைக்குத் தடுப்பு வலை. ஏப்ரல், மே மாதத்தில் பத்து நிமிஷம் ஆலங்கட்டி விழுந்தால் வருஷ வருமானம் போச்சு, பழத்தில் ஒரு தழும்பு விழுந்தாலே விலை பாதி. வலைக்குக் கீழே நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளிகள் பறிக்கிறார்கள், நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூடை சுமந்து சரிவில் ஏறுகிறார்கள். உள்ளூர் இளைஞர் ஒருவரைக்கூட அந்த வேலையில் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கே என்றால் சண்டிகர், டெல்லி, இல்லாவிட்டால் அரசுத் தேர்வுக்குப் படிப்பு. மாஸ்டர்ஜியின் மகனும் சண்டிகரில்தான், சீசனுக்கு லீவு போட்டு வந்திருந்தார். நேபாளிகள் ஒரு வருஷம் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பழத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தார். (அந்தப் பழத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மரத்திலிருந்து நேராக வாய்க்கு வந்த ஆப்பிளைச் சாப்பிட்டபின் நம்மூரில் மூன்று மாதத்துக்கு ஆப்பிளே வாங்கவில்லை.)

பறித்தபின் தரம் பிரித்தல். பெரியது, நடுத்தரம், சிறியது என்று இறங்கி கடைசியில் "பிட்டூ". மற்ற எந்தச் சொல்லையும் நான் மறந்துவிட்டேன், பிட்டூ மட்டும் மறக்கவில்லை. அந்த சீசனில் எல்லோரும் பேசியது பெட்டியைப் பற்றித்தான். முன்பு இருந்த பெட்டி விரியும், அடுக்கின்மேல் அடுக்காக 30 கிலோவும் அதற்கு மேலும் அதில் அடைக்கலாம். மண்டியில் விலையோ பெட்டிக்கு இவ்வளவு என்று. ஆக, வாங்குகிறவருக்கு அஞ்சு கிலோ சும்மா. 2024-இல் அரசு எல்லோருக்கும் ஒரே அளவுப் பெட்டி என்று கட்டாயமாக்கியது, அதில் 20 கிலோதான் பிடிக்கும். மாஸ்டர்ஜிக்கு இதில் ஏக சந்தோஷம். அரசைப் பற்றி அவர் மனம் திறந்து பாராட்டிய ஒரே விஷயம் இந்த அட்டைப்பெட்டி.

அவரோடு மண்டிக்கும் போனேன். கமிஷன்காரர்களை அங்கே ஆட்தி என்கிறார்கள். ஏலம் வேகமாக நடந்தது, என் ஹிந்திக்கு அந்த வேகம் எட்டவில்லை. நல்ல ராயல் டெலிசியஸ் ஒரு பெட்டி 1,600-க்குப் போனது. கிலோ 80. பெட்டி, டிரே, பறிகூலி, லாரி, கமிஷன், மருந்தடிப்பு எல்லாம் இதற்குள்தான். பிட்டூவின் விலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விலை ஏன் ஏறமாட்டேன் என்கிறது என்றால் ஈரான், துருக்கி, அமெரிக்கா என்று பட்டியல் வருகிறது. அமெரிக்க ஆப்பிளுக்கு 2019-இல் கூடுதலாகப் போட்டிருந்த 20 சதவீத வரியை 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், நான் போனபோது மிச்சம் இருந்தது 50 சதவீதம்தான். அமெரிக்காவிலிருந்து கன்று வந்து வாழவைத்த ஊர், இன்று அமெரிக்காவின் பழத்தைப் பார்த்துப் பயப்படுகிறது.

பழத்துக்கு வெளியே இருந்து வரும் பயம் இது. மரத்துக்கு உள்ளே ஒன்று இருக்கிறது. டெலிசியஸ் வகைக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைக்க வேண்டும், அப்போதுதான் மரம் ஒழுங்காகத் தூங்கி எழுந்து பூக்கும். அந்த 2024 ஜனவரியில் மாநிலத்தில் மழையும் பனியும் அநேகமாக இல்லவே இல்லை. தாழ்வான இடங்களில் ஆப்பிளை வெட்டிவிட்டு பிளம்ஸ், மாதுளை என்று மாறுகிறார்கள், குளிர் அதிகம் கேட்காத காலா வகை நடுகிறார்கள், ஆப்பிளே படியேறி கின்னோர், லாஹௌல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மலைக்கும் உச்சி என்று ஒன்று உண்டல்லவா, அதற்கப்புறம் எங்கே ஏறும் என்று தெரியவில்லை.

ஆசைக்கு இங்கே ஒரு துண்டு நிலம் வாங்கலாமா என்று கேட்டேன். மாஸ்டர்ஜி விழுந்து விழுந்து சிரித்தார். 1972 நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு. விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது, ஹிமாச்சலக்காரரே ஆனாலும் விவசாயக் குடும்பம் இல்லையென்றால் முடியாது. முதலீடு வராமல் தடுக்கிறது என்று இந்தப் பிரிவைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் செய்து வைத்திருப்பதைப் பார்த்த எனக்கு, இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

கோட்கட்டிலிருந்து கீழே பார்த்தால் சட்லெஜ். அதன்மேல்தான் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி, லூரியில் இன்னொன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடும் தண்ணீர்தான் மாநிலத்தின் இன்னொரு சொத்து, திட்டங்களிலிருந்து 12 சதவீத மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது, அதை விற்றுக் காசாக்குகிறார்கள். ஆனால் அந்த ஜூலை 31 ராத்திரி ராம்பூர் பக்கம் சமேஜ் என்ற கிராமத்தில் மேகம் வெடித்து ஓடை பெருகி முப்பதுக்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. நான் போனபோது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் தானாக இறங்கிவிடும். அதற்கு முந்தைய 2023 மழையில் 400-க்கும் மேல் சாவு, சாலைகள், பாலங்கள், சிம்லாவில் சிவன் கோவில்மேல் சரிந்த மலை. சம்பளத்துக்கே தேதி பார்க்கும் அரசு, ஒவ்வொரு மழைக்கும் சாலையை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. சாலை இல்லாவிட்டால் ஆப்பிள் இல்லை, சுற்றுலா இல்லை, பெரியாஸ்பத்திரி இல்லை. அகலப்படுத்த மலையை வெட்டினால் வெட்டிய இடம் சரிகிறது. இதற்கு எனக்கு விடை தெரியாது, அங்கே நான் பேசிய யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

5-ஆம் தேதி சாயங்காலம் மருமகளுக்குச் சம்பளம் வந்தது. வீட்டில் அன்றைக்கு சிட்டூ செய்தார்கள், புளித்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தது, மேலே நெய்யை ஊற்றி. நம்ம கொழுக்கட்டைக்குப் பெரியண்ணன். நான் மூன்று சாப்பிட்டேன், மாஸ்டர்ஜி இரண்டோடு நிறுத்திக்கொண்டார், எனக்குப் பென்ஷன் வந்தபின் மூன்றாவது என்றார்.

மறுநாள் கிளம்பிவிட்டேன். 10-ஆம் தேதி மத்தியானம் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஹிந்தியில் இரண்டே சொல்: "ஆ கயி." வந்துவிட்டதாம். சிட்டூ படம் எங்கே என்று நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்தது. வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் சாலையில் பாதி இல்லை. அந்தப் பக்கம் ஜேசிபி ஒன்று மண் அள்ளுகிறது, இந்தப் பக்கம் வரிசையாகப் பிக்கப் வண்டிகள், முதல் வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே அவருடைய பெட்டிகள்.