தரங்கம்பாடியில் கோடை

ஏப்ரல் 29
மயிலாடுதுறையில் பஸ் மாறி, செம்பனார்கோவில், ஆக்கூர் எல்லாம் தாண்டி வந்து சேர மதியம் இரண்டு மணி. ஊருக்குள் நுழைகிற இடத்தில் பழைய டேனிஷ் வாசல், மேலே 1792 என்று பொறித்திருக்கிறது. அதைத் தாண்டினால் நேர்த் தெரு, தெருக்கோடியில் கடல். வீடு கோட்டைக்கு வடக்கே, கோயிலுக்குப் போகிற வழியில். பாட்டி மோர் கொடுத்தார். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. இரண்டும் தூணுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தன.

பின்கதவைத் திறந்தால் நூறடியில் மணல். தாழ்ப்பாள் என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பெரியவனுக்கு எட்டும்.

ஏப்ரல் 30
தூக்கமே இல்லை. ராத்திரி முழுக்க அலை தலைமாட்டிலேயே அடிக்கிறது.

மே 1
சின்னவள் என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தயிர்சாதத்தை நன்றாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வாயருகே கொண்டுபோனால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள். அதே உருண்டையைப் பாட்டி வாங்கிக் கொடுத்தால் வாய் தானாகத் திறக்கிறது.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா, "ஆயா வந்தாச்சா?" என்று பாட்டியிடம் கேட்டார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பி.எட். முடித்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் இதையும் சொல்லவில்லை, கடல் இவ்வளவு பக்கத்தில் என்பதையும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலுக்கே என்னைத் தனியாக அனுப்பாதவள்.

மே 3
"அம்மா எப்போ வருவாங்க?"

பத்து நாள் என்று சொல்லச் சொல்லியிருந்தார் பாட்டி. சொல்லிவிட்டேன். உடனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலுக்குப் போனான். பத்து சிப்பி பொறுக்கி, கழுவி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருக்கிறான். நாளையிலிருந்து தினம் ஒன்றைக் கடலில் போட்டுவிடுவானாம். பத்தும் தீர்ந்தால் அம்மா.

காரைக்காலில் டாக்டர் ஜூன் கடைசி என்கிறார். அதுவரை பிள்ளைகளின் அம்மா எழுந்து நடக்கவே கூடாதாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே பத்து என்று சொன்னேன். நாளைக்கு ஒரு வகுப்பில் நின்று பாடம் நடத்தப் போகிறவள், ஒரு பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு பொய்க்கணக்கு.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. சின்னவளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நுங்கை நசுக்கித் தடவினேன், அழாமல் நின்றாள்.

மே 6
வெயில் தாழ்ந்ததும் இருவரையும் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு கை, விடவே இல்லை. 1306இல் கட்டிய கோயில். முன்பகுதியைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அலை கற்களில் மோதித் தெறிக்கிறது. சின்னவள் நண்டுக்குழி ஒவ்வொன்றிலும் குனிந்து, "வா, வா" என்று கூப்பிட்டாள். குழியைச் சுற்றி நண்டு உருட்டிப் போட்ட மணல் உருண்டைகள், கடுகளவு. அவள் மூச்சுக்காற்று பட்டே உதிர்ந்தன.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் பெரியவன் எப்போது போவீர்கள் என்று கேட்டான். ஜூன் 14 முடியணும் தம்பி என்றார். திரும்பி வரும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். "அக்கா, அவங்க 39 சிப்பி வைக்கணும். பாவம்."

கருவாடு காயப்போட்டிருந்த பெரியம்மாவிடம் 2004இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். கேட்டிருக்கக் கூடாது.

மே 7
பின்கதவு திறந்திருந்தது.

மே 8
பிள்ளைகள் இருவரும் கூடத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கீரைக்காரம்மா வந்துபோனபோது பாட்டி மறந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நான் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பு மணலுக்கு ஓடிவிட்டேன். அந்த நூறடியில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பொறையாருக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். கதவின் உச்சியில் நானே அடித்தேன். எக்கினால்தான் எனக்கே எட்டுகிறது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மே 9
ராத்திரி இரண்டு முறை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன்.

மே 11
ஜன்னலில் இன்றைக்கு இரண்டு சிப்பிதான் மிச்சம் இருக்க வேண்டும். ஆறு இருக்கிறது. தினமும் ஒன்றைத் தவறாமல் கடலில் போடுகிறான், நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். எடுத்துவந்து வைப்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

மே 12
ஐந்து உருண்டை சாப்பிட்டாள். என் கையால். ஆறாவதை வாங்கி என் வாயில் வைத்தாள்.

மே 13
இரவு பதினொன்றரைக்குப் போன். பாட்டி புடவைகூட மாற்றவில்லை, அப்படியே காரில் ஏறிக் காரைக்காலுக்குப் போய்விட்டார். பிள்ளைகளை எழுப்பாதே என்றார்.

சின்னவள் என் முந்தானையைப் பிடித்தபடி தூங்குகிறாள். பெரியவன் முழித்துக்கொண்டிருக்கிறான் என்று மூச்சிலேயே தெரிகிறது. ஜன்னலில் பதினொரு சிப்பி.