முடிச்சு இறுகுவதற்குள்

"அந்தப் பாப்பா மறந்துவிடுமா, மேடம்?"

"சின்னக் குழந்தைதானே, மறந்துவிடும்."

பேச்சு இவ்வளவுதான். ஆற்றுப்படுத்துநராக, குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். இந்தப் பதில் மட்டும் மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை. பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏதேனும் ஒரு வாய்க்கால் மதகு கண்ணில் பட்டால் போதும், திரும்பி வந்துவிடுகிறது.

கேட்ட சிறுவன் அப்போது ஒயர் கூடை பின்னிக்கொண்டிருந்தான். பச்சையும் வெள்ளையுமாகச் சிவன் கண் பின்னல். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்ட முடிச்சை இறுக்காமல் விரலிலேயே பிடித்திருந்தான். நான் சொன்னதும் இறுக்கிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனான். அவனுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

ஆனால் நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். இளைஞர் நீதிக் குழுமத்தின் முந்தைய விசாரணை நாளில் அந்தக் குழந்தையின் தாய் வராந்தாவில் என்னிடம் பேசியிருந்தார். அவனால் பாலியல் வன்முறைக்கு ஆளான அந்த ஆறு வயதுக் குழந்தை மதகு வழியாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். கோயில் குளத்தைச் சுற்றித்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. "பாதை நீளம்தான் அம்மா, பரவாயில்லை" என்றார் அந்தத் தாய். நடவு வேலைக்குப் போகிறவர். கூலிக்கு நேரமாகும் கவலையோடுதான் தினமும் அந்தச் சுற்றுப் பாதையில் நடந்திருப்பார்.

அவனுக்கு வயது 15. சோறு இறங்காத வாரம் அது. தந்தை பார்க்க வருவதை நிறுத்தியிருந்தார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பான். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டான் என்று காவலர் சொன்னபோது, சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். இப்போதும் பாதி மனம் அப்படித்தான் சொல்கிறது.

மற்றப் பாதி கேட்கிறது: நாங்கள் அங்கே சிகிச்சை என்று செய்வது என்ன? செய்ததைத் தன் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். "விளையாட்டுக்குத்தான்", "போனில் பார்த்தேன்" என்ற சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறோம். வெளியே போனபின் எந்தச் சூழலில் விலகி நிற்க வேண்டும், வீட்டில் யார் கண் அவன்மேல் இருக்க வேண்டும் என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசுகிறோம். இதெல்லாம் எதற்கு? இன்னொரு உயிருக்கு என்ன நேர்ந்தது என்று அவன் ஒருநாள் தானாகவே கேட்க வேண்டும் என்பதற்குத்தானே? அவன் கேட்டான். அந்தக் கதவை நானே சாத்தினேன். அதன்பிறகு அவன் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை முழுமனதோடு ஏற்றவள் நான். 16 நிறைந்திருந்தால், இவ்வளவு கொடிய குற்றத்துக்குப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்ற முதல்நிலை மதிப்பீடு வந்திருக்கும். 15 என்பதால் அது இல்லை. பெயரோ படமோ வெளியே வரக்கூடாது. உரிய காலம் கழிந்தபின் பதிவை அழித்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்க அவனுக்கு வழிவிட வேண்டும். இவையெல்லாம் நியாயம். இத்தகைய சிறுவர்களில் பெரும்பாலோர் மறுபடி அதே குற்றத்துக்குப் போவதில்லை என்பதையும் அறிவேன். காகிதத்தை அழிக்கச் சொன்ன சட்டம், குழந்தையின் நினைவும் அழிந்துவிட்டதாக அவனிடம் சொல்லச் சொல்லவில்லை. அதைச் சேர்த்தவள் நான்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாமோ? அதுவும் பொய்தான். "மறக்கவில்லை, உன்னால் சுற்றுப் பாதையில் நடக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, அந்த இரவு முழுவதும் அவன் பக்கத்திலேயே இருந்திருக்கலாம். ஐந்தரைக்கு என் பஸ் இருந்தது.

அவன் இப்போது மன்னார்குடிப் பக்கம் மாமா வீட்டில் இருக்கிறான், வேலைக்குப் போகிறான் என்று கேள்வி. அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதியது ஒரே வரி: "பாதிக்கப்பட்ட குழந்தையின் நிலை குறித்துச் சிறுவன் தானாக விசாரித்தான், நல்ல முன்னேற்றம்." என் பதிலை அதில் எழுதவில்லை.