வடுவூர்த் திண்ணையில் நிக்கோல் டேவிட்

பினாங்கில் பிறந்து வளர்ந்த நான், திருமணத்திற்குப் பின் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், வடுவூர் ஏரியை அடுத்த ஒரு கிராமத்தில் குடியேறினேன். என் கொள்ளுப்பாட்டனார் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திற்குப் போனவர். அதனால் எங்கள் வீட்டில் இந்தப் பகுதியை 'ஊர்' என்று சொல்லியே பழக்கம். ஆயினும் மலேசியக் கடவுச்சீட்டோடு வந்திறங்கி, விசா புதுப்பிக்க அலைந்து, ஆற்றில் தண்ணீர் விடும் முறை பார்த்து வாழும் மக்களிடையே புதிதாக வாழத் தொடங்கியவளுக்கு இது வேறு நாடாகவே இருந்தது.

எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். ரிங்கிட்டின் மதிப்பையும் பத்துமலை முருகன் கோயிலையும் பற்றிக் கேட்பார்கள். நான் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். என் குழம்பில் தேங்காய்ப்பால் மிகுந்திருந்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்பதில் தொடங்கி, வாய்க்கால் தண்ணீரை முதலில் யார் பாய்ச்சுவது என்பது வரை தமக்குள் ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்த அதே மனிதர்கள், என்னை மட்டும் ஒருபோதும் மறுத்துப் பேசவில்லை. நான் இன்னும் விருந்தாளிதான் என்பதை அந்த மரியாதை எனக்கு நாள்தோறும் உணர்த்திக்கொண்டிருந்தது.

அதை மாற்றியது, எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தி சாய்ந்ததும் தொடங்கும் ஒரு வழக்கு. உலகத்தில் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் மிகப் பெரிய விளையாட்டு வீரர் யார் என்பதே அந்த வழக்கு. என் மாமனார், அவருடைய நண்பரான ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், மயிலாடுதுறையிலிருந்து மருந்துக்கடை வியாபாரமாக வந்து போகும் உறவினர் ஒருவர், வடுவூரில் கபடி பழகும் என் கொழுந்தனாரும் அவர் நண்பர்களும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வீரர் உண்டு. சுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிய என்னிடம் ஒரு நாள் கொழுந்தனார், "அண்ணி, உங்க ஊர்ல அப்படி யாரும் இல்லையா?" என்று கேட்டார். நான் நிலைப்படியில் நின்றபடியே நிக்கோல் டேவிட் என்றேன். யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

ஸ்குவாஷ் என்றால் என்னவென்றே முதலில் விளக்க வேண்டியிருந்தது. நான்கு சுவர்களுக்குள் இருவர் ஒரே பக்கம் நின்று, சிறிய ரப்பர்ப் பந்தை முன்சுவரில் மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டம் அது. தரையில் இரண்டாம் முறை எழும்புவதற்குள் பந்தை எடுத்தாக வேண்டும். அந்த ஆட்டத்தில் 1983இல் பினாங்கில் பிறந்த ஒரு பெண், 2005க்கும் 2014க்கும் இடையில் எட்டு முறை உலகப் பட்டம் வென்றார். 2006 முதல் 2015 வரை தொடர்ச்சியாக 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். கடைசி உலகப் பட்டத்தை கெய்ரோவில், எகிப்திய வீராங்கனை ரனீம் எல் வெலிலிக்கு எதிராக, அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில், இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலையை நான்கு முறை கடந்து வந்து வென்றார். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. பினாங்கில் பள்ளிச் சிறுமிகளாக இருந்த எங்களுக்கு, உலகத்தில் முதலிடம் என்பது எங்கள் தீவைச் சேர்ந்த ஒருவருக்கு எட்டக்கூடியது என்று காட்டியவர் அவர்.

உடற்பயிற்சி ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒலிம்பிக்ல எத்தனை பதக்கம்மா?" என்றார். ஒன்றுகூட இல்லை. அவர் ஆடிய காலம் முழுவதும் ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்படவே இல்லை. 2016 போட்டிக்கு கோல்ஃபையும் எழுவர் ரக்பியையும் தேர்ந்தெடுத்தார்கள். 2020 போட்டிக்கு மல்யுத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2023இல் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுதான் கிரிக்கெட்டோடு சேர்த்து ஸ்குவாஷையும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் சேர்த்தது. நிக்கோல் டேவிட்டோ 2019இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆசிரியர் தலையை அசைத்து, "அப்படின்னா கணக்குல வராது" என்றார். அந்த ஊரில் என் பேச்சை ஒருவர் முதன்முதலாக மறுத்தது அப்போதுதான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, வெளியே கோபம். இரண்டும் உண்மையானவை.

அவருடைய வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. அவருடைய வீரர் உசேன் போல்ட். 2008இல் பெய்ஜிங்கில் 9.69 விநாடியில் நூறு மீட்டர் ஓடியவர், அடுத்த ஆண்டே பெர்லினில் 9.58 விநாடியில் ஓடினார். நூறில் ஒரு பங்கு விநாடிகளாகக் குறைந்துகொண்டு வந்த ஓர் உலகச் சாதனையை ஒரே ஓட்டத்தில் 0.11 விநாடி கீழே இறக்கினார். ஓடுவதற்குக் களமும் மட்டையும் உறுப்பினர் கட்டணமும் தேவையில்லை. கால் உள்ள பிள்ளைகள் எல்லாம் எங்கோ ஒரு வரப்பில் ஓடிப் பார்த்தவர்களே. ஆகவே போல்ட்டின் போட்டியாளர்கள் உலக மக்கள் அனைவரும், ஸ்குவாஷ் வீராங்கனையின் போட்டியாளர்கள் சில நாடுகளில் அரங்கம் வாய்த்த சிலரே என்பது ஆசிரியரின் கணக்கு. அடித்தளம் எவ்வளவு அகலமோ உச்சி அவ்வளவு உயரம் என்று அவர் சொன்னதற்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

எனக்குத் துணைக்கு வந்தவர்கள் கபடிப் பிள்ளைகள். ஒலிம்பிக் பதக்கம்தான் அளவுகோல் என்றால் வடுவூருக்கு அதில் என்ன இடம் என்று அவர்கள் கேட்டார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கபடி என்றால் வடுவூரின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியிலும் இவ்வூர்ப் பிள்ளை அபினேஷ் இருந்தார். ஆனால் கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் பதக்க ஆட்டமாக நுழைந்தது. ஒலிம்பிக் இன்னும் தொலைவில் இருக்கிறது. கொழுந்தனாரின் வீரர் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன். புரோ கபடி தொடங்கியபோதே நாற்பதை நெருங்கிவிட்டிருந்த அவர், 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராகிப் பட்டம் வென்று கொடுத்தார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் ஆடினார். பாய்ந்து வரும் இளைஞனின் கணுக்காலை ஓரத்தில் நின்று பிடிக்கும் வேலையை அந்த வயதில் செய்வது என்ன என்பது, ஒரு முறையாவது மண்ணில் விழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் என்றார் கொழுந்தனார். ஆசிரியர் விடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் ஈரான் இந்திய ஆண்கள் அணியை வீழ்த்தியதை நினைவூட்டி, பிறர் நன்றாக ஆடத் தொடங்கும் வரைதான் தங்கம் நம்முடையது என்றார். அன்றிரவு கொழுந்தனார் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்துக்கடை உறவினருக்குச் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தைத் தவிர வேறு பெயர் கிடையாது, ஏனென்றால் ஆனந்த் 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். வெளியேற்றுச் சுற்று, பலர் மோதும் தொடர், இருவர் மட்டும் மோதும் நேர்ப்போட்டி என்று மூன்று வடிவத்திலும் உலகப் பட்டம் வென்றவர் அவர் என்பது பெரிய வாதமே. உட்கார்ந்து ஆடுவதை எப்படிச் சேர்ப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தியாவின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவையே முதன்முதலில் ஆனந்துக்குத்தான் கொடுத்தார்கள் என்று உறவினர் பதில் சொல்வார். என்னைப் பொறுத்தவரை அது போதுமான பதில்.

மாமாவின் வீரர் ஹாக்கி ஆடிய தயான் சந்த். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் மட்டுமே என்று பிறர் குறைத்துப் பேசும்போது அவர் நிமிர்ந்து உட்கார்வார். நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008இல் மட்டும் எட்டுத் தங்கம் வெல்லலாம், ஏனென்றால் குளம் ஒன்றானாலும் பந்தயங்கள் பல. ஹாக்கி ஆடுபவன் எத்தனை கோல் அடித்தாலும் ஒரு ஒலிம்பிக்கில் ஒரே தங்கம்தான் பெற முடியும். அதையும் பதினொரு பேர் சேர்ந்துதான் பெற வேண்டும் என்பார். பதக்கங்களை எண்ணி வீரர்களை ஒப்பிடுவது ஏன் சரிவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

மாமாவுக்கும் எனக்கும் இடையே இருந்த தயக்கம் அகன்றதும் ஹாக்கியால்தான். 1975 உலகக் கோப்பை கோலாலம்பூரில் நடந்தது. இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் மலேசியா இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியாவின் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோலை அடித்தார். அந்த இரவைப் பற்றி என் அப்பா தோல்வியாகவே சொல்லி வந்தார். பினாங்கில் வானொலிப் பெட்டியை அணைத்துவிட்டு யாரோடும் பேசாமல் படுத்துவிட்டாராம். அதே ஆட்டத்தை மாமா மன்னார்குடியில் ஒரு தேநீர்க்கடை வானொலியில் கேட்டு, பாமணி ஆற்றுப் பாலம் வரை கூச்சலிட்டுக்கொண்டே ஓடியிருக்கிறார். இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்ற கோலை அடித்தவர் தயான் சந்தின் மகன் அசோக் குமார் என்பது அவருக்கு வாழ்நாள் பெருமை. என் அப்பாவின் துயரத்தை நான் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அப்பாவ கூப்பிடும்மா, நான் பேசுறேன்" என்றார். இரண்டு கிழவர்களும் தொலைபேசியில் அந்த ஆட்டத்தை மறுபடியும் ஆடினார்கள். அப்பா தம் பங்குக்கு, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற மருத்துவர் மணி ஜெகதீசனின் பெயரைச் சொல்ல, பக்கத்திலிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் அவரைத் தமக்குத் தெரியும் என்றார். 1968இல் ஜெகதீசன் 200 மீட்டரில் ஏற்படுத்திய மலேசியச் சாதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நின்றதல்லவா!

அத்தை திண்ணைப் பேச்சில் சேர்வதில்லை, உள்ளிருந்தே கேட்பார். ஒரு நாள் அவர் வெளியே வந்து, "சாந்தி பேர ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டார். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். பிறகு அவரே சூளையில் வேலை செய்ய நேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அரசுப் பயிற்சியாளரானார். ஓடி முடித்த ஓட்டத்தை இல்லை என்று எழுதிவிட முடிகிற ஏட்டை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று அத்தை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனை மாலைகளில் பேசப்பட்டவற்றுள் கனமான கேள்வி அதுதான் என்று நான் இன்றும் கருதுகிறேன்.

இவ்வளவையும் கேட்ட பின் எனக்கென்று ஒரு நிலை உண்டாயிற்று. வேறு வேறு விளையாட்டுகளை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. தம் காலத்துப் போட்டியாளர்களிடமிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி நின்றார், எவ்வளவு காலம் அப்படி நின்றார் என்பதை மட்டுமே ஒப்பிட முடியும். கிரிக்கெட்டில் டான் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94, நீண்ட காலம் ஆடிய மற்றவர்கள் அறுபதை ஒட்டியே நின்றுவிட்டார்கள். அந்த இடைவெளிதான் பெருமை. ஒன்பது ஆண்டுகள் எவரும் தொட முடியாத முதலிடம் என்பதும் அத்தகைய இடைவெளியே என்று நான் வாதிட்டேன். 2021இல், ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டுப் போட்டியின் (World Games) எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த வீரராக நிக்கோல் டேவிட்டையே இணைய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் எடுத்து வைத்தேன்.

ஆசிரியர் அடுத்த நாளே பதிலோடு வந்தார். ஹெதர் மெக்கே என்ற ஆஸ்திரேலியர் 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓப்பன் ஸ்குவாஷ் பட்டத்தைத் தொடர்ந்து பதினாறு முறை வென்றவர். தம் விளையாட்டு வாழ்வில் இரண்டே ஆட்டங்களில் தோற்றவர். "விலகி நிக்கிற தூரம்தான் கணக்குன்னா, உன் ஆட்டத்துலயே உன் ஆளு ரெண்டாவதுதானேம்மா?" என்றார். மெக்கேயின் காலத்தில் ஸ்குவாஷ் ஆடிய பெண்கள் மிகச் சில நாடுகளிலேயே இருந்தார்கள், நிக்கோல் டேவிட்டோ எகிப்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பல நாட்டு முழுநேர வீராங்கனைகளை எதிர்கொண்டவர் என்றேன் நான். சொல்லி முடிப்பதற்குள் ஆசிரியர் சிரித்துவிட்டார். அடித்தளத்தின் அகலம் என்ற அவருடைய அளவுகோலையே நான் கையில் எடுத்திருந்தேன். அகலத்தையும் விலகலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் இப்போது சொல்லி வருகிறேன். அப்படிப் பார்த்தாலும் போல்ட்தான் முதலில் வருவார் என்கிறார் அவர். மாமா இருவரையும் ஏற்கவில்லை.