முதல் பேட்ச்சுக்கு யார் பதில் எழுதுவது?

நிரலை யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூலத் திட்டம் ஒன்றுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்றதும் ஸ்டிக்கர், டி-ஷர்ட், மேடைப்பேச்சு என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இவற்றுக்கு ஆட்கள் வருவார்கள். வந்தவர் தங்குவாரா என்பது, அவர் அனுப்பிய முதல் பேட்ச்சை (நிரல் திருத்தத்தை) எத்தனை நாளில் ஒருவர் படித்துப் பதில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. பொறுமையாகப் படிப்பவர்கள் எந்தத் திட்டத்திலும் குறைவு. அவர்களுடைய நேரத்தைக் காப்பதுதான் சமூகம் வளர்ப்பதில் பாதி வேலை.

2020 அக்டோபரில் இது எல்லோர் கண்ணிலும் பட்டது. நான்கு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பினால் டி-ஷர்ட் என்று, திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு அறிவித்திருந்தது. திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் வெற்றுத் திருத்தங்கள் குவிந்தன. அவற்றை மூடுவதே பராமரிப்பாளர்களின் வேலையாகிப் போனது. விரும்பிய திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்று சில நாட்களிலேயே விதியை மாற்றினார்கள். பரிசை எண்ணிக்கையோடு கட்டினால் எண்ணிக்கைதான் வரும்.

ஜாங்கோவின் வழி வேறு. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவான இந்த வெப் ஃபிரேம்வொர்க் (பைத்தான் நிரல்மொழியில் இணையதளம் கட்ட உதவும் அடித்தளம்), 2005 ஜூலையில் பி.எஸ்.டி. என்ற திறமூல உரிமத்தில் வெளியானது. புது அம்சம் எதுவானாலும் டெஸ்ட்டும் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்) ஆவணமும் இல்லாமல் உள்ளே போகாது. சிறிய எழுத்துப்பிழை தவிர மற்ற மாற்றங்களுக்கெல்லாம் முதலில் டிக்கெட் (பிழையையோ யோசனையையோ பதியும் குறிப்பு) வேண்டும். அந்த டிக்கெட்டை ஒருவர் பார்த்து 'அக்செப்டட்' (ஏற்கப்பட்டது) நிலைக்கு நகர்த்தியிருக்க வேண்டும். தன் பேட்ச்சைத் தானே 'ரெடி ஃபார் செக்கின்' (சேர்க்கத் தயார்) என்று குறிக்கக் கூடாது. கெடுபிடி போலத் தெரியும். ஆனால் ஒரு வாரம் உழைத்து எழுதிய நிரலை "இது எங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும் கொடுமையை இந்தப் படிகள்தான் பெரும்பாலும் தடுக்கின்றன.

புதியவர்கள் நேராக 'ஈஸி பிக்கிங்ஸ்' (எளிதானவை) என்று குறியிட்ட டிக்கெட்டுகளைத் தேடிப் போகிறார்கள். அவை பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். பல வாரங்களாக அசைவில்லை என்றால், ஒரு குறிப்பு எழுதிவிட்டுத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நல்ல தொடக்கம், இன்னும் யாரும் பார்க்காத பிழைப் புகார்களைச் சோதிப்பது. நிரல் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்களுக்கென ஒரு நகல் எடுத்து), மற்ற மென்பொருளோடு கலக்காத தனி மெய்நிகர் சூழலில் நிறுவி, புகாரில் சொன்ன பிழை இப்போதைய நிரலான மெயின் கிளையிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்தப் பிழையால் தோற்கும் ஒரு சிறு டெஸ்ட் எழுதுங்கள். பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடியது என்றால், எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) உடைந்தது என்பதை 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றையும் டிக்கெட்டில் எழுதினாலே, திருத்தம் எழுதப் போகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. டெஸ்ட்டுகளை ஓட்டும்போது, தொடப்போகும் பகுதிக்கு உரியதை மட்டும் முதலில் ஓட்டுவது நல்லது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தேறியது போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் போன்ற வேறு தரவுத்தளங்களில் விழக்கூடும். அதைப் பார்த்துப் புதியவர் பயந்துவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பேட்ச்சைப் படித்து ரிவ்யூ எழுதுகிறவர் இடைவெளியிலும் மேற்கோள்குறியிலும் தன் பொறுமையைக் கரைக்கக் கூடாது. 2022-ல் ஜாங்கோ தன் பைத்தான் நிரல் முழுவதையும் நிரலின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் 'பிளாக்' கருவியைக் கொண்டு ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சச்சரவைக் கருவியிடம் விட்டுவிட்டதால், மனிதர் நிரலின் போக்கைப் பற்றிப் பேச முடிகிறது.

அப்போதும் தன்னார்வலர்களால் மட்டும் ஓட்ட முடியாத வேலைகள் உண்டு. 2014-ல் தொடங்கிய ஜாங்கோ ஃபெலோ திட்டம் அதற்காகத்தான். நன்கொடைப் பணத்திலிருந்து ஊதியம் பெறுபவர், டிக்கெட்டுகளைத் தரம்பிரித்து, பேட்ச்சுகளைப் படித்து, பாதுகாப்புப் புகார்களைக் கவனித்து, வெளியீடுகளைத் தயாரிக்கிறார். ஏறக்குறைய எட்டு மாதங்களுக்கு ஒரு வெளியீடு பிசகாமல் வருவதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சமூகத்துக்காகத் திரட்டும் பணத்தை எதில் போடுவது என்று யாராவது கேட்டால், விழாவுக்கு முன்னால் இதில் போடுங்கள் என்பேன்.

புதிய முகங்களை அழைத்து வருவதில் ஜாங்கோ கேர்ள்ஸ் நல்ல முன்மாதிரி. 2014-ல் பெர்லினில் தொடங்கிய, பெண்களுக்கான இந்த இலவச நிரலாக்கப் பயிலரங்கில் மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பது கணக்கு. ஒரே நாளில் ஒரு வலைப்பதிவைக் கட்டி இணையத்தில் ஏற்றுகிறார்கள். முந்தைய நாள் மாலையே மென்பொருளை நிறுவிவிட வேண்டும். அதைத் தவிர்த்தால் காலை முழுவதும் வீணாகும்: விண்டோஸில் பைத்தானைப் 'பாத்'தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கும் கட்டத்தைத் தேர்வுசெய்ய மறந்திருப்பார்கள், முப்பது பேர் ஒரே நேரத்தில் தரவிறக்க, வைஃபை திணறும். நிறுவல் கோப்புகளை நான்கைந்து பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டும்.

பயிலரங்கு முடிந்த மாலையிலேயே அடுத்த சந்திப்பின் தேதியைச் சொல்லிவிட வேண்டும். மாதம் ஒருமுறை, மாறாத கிழமை, இரண்டு மணி நேரம் போதும். அதற்கு முன்பே மூன்று டிக்கெட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து வைத்திருங்கள். எழுதப்படும் பேட்ச்சை அன்றே படித்துப் பதில் சொல்ல ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். அவர் வர முடியாத மாதத்தில் சந்திப்பைத் தள்ளிப்போடலாம்.