‘முற்றும்’ வராத கடைசிக் கட்டங்கள்: நோட்டு எங்கே நிற்கிறது?

முதல் பக்கத்தையே பாழாக்கிவிட்டேன். ஐந்து நாள் உட்கார்ந்து பென்சிலில் நகலெடுத்த டின்டினுக்கு, ஆறாம் நாள் ஆர்வக்கோளாறில் மை போட்டேன். படம் மிகச் சுத்தமாக வந்தது. தப்பு நடந்தது அங்கேதான்.

எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். பாதியில் நின்றுபோன காமிக்ஸ்கள் மீது எனக்கு நெடுநாளாகப் பைத்தியம். ‘தொடரும்’ என்று போட்டுவிட்டுத் தொடராமலே போனவை, வரைந்தவர் இறந்ததால் நின்றவை, பத்திரிகையே மூடப்பட்டதால் அந்தரத்தில் விடப்பட்டவை என்று வகை பிரித்துப் பட்டியல் போட்டே பல வருடங்கள் ஓட்டிவிட்டேன். பட்டியல் போட்டு அலுத்துவிட்டது. சரி, ஒவ்வொன்றின் கடைசிக் கட்டத்தையும், அதாவது கடைசியாக வந்த ஒற்றைப் படத்தையும், கையால் வரைந்து ஒரு நோட்டில் சேர்க்கலாம் என்று நான்கு மாதங்களுக்கு முன் தொடங்கினேன். பக்கத்துக்கு ஒரு கட்டம். எச்பி, 2பி பென்சில்கள், மூன்று அளவு மைப்பேனா, ஒரு டிரேசிங் தாள் கட்டு. ஓவியம் முறையாகக் கற்றவன் இல்லை நான். பார்த்து வரைய வரும், அவ்வளவுதான்.

டின்டினில் தொடங்கியதற்குக் காரணம் சோம்பல். பென்சில் வரைவாக நின்றுபோன கதைதானே, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். டின்டினைப் படைத்த எர்ஜே 1983 மார்ச் 3 அன்று இறந்தபோது ‘டின்டினும் ஆல்ஃப்-ஆர்ட்டும்’ கதைக்கு மை ஏறவில்லை. தனக்குப் பிறகு டின்டினை யாரும் வரையக் கூடாது என்பது அவருடைய விருப்பம். நெடுநாள் உடன் வரைந்த பாப் டி மூர் முடித்துக் கொடுக்க ஆசைப்பட்டும் நடக்கவில்லை. 1986-இல் அந்த வரைவுகளையே புத்தகமாக்கினார்கள். மொத்தம் 42 பக்கங்கள். தொடக்கத்தில் முகம், கோட்டு, அறை எல்லாம் அடையாளம் தெரிகின்றன. போகப்போகக் கோடுகள் இளகி மனிதர்கள் சுழிகளாகிவிடுகிறார்கள். முடிவில் போலி ஓவியக் கும்பலிடம் டின்டின் மாட்டிக்கொள்கிறான். அவனை உயிரோடு திரவ பாலியஸ்டரில் மூடிச் சிற்பமாக்கி விற்பது கும்பலின் திட்டம். துப்பாக்கியோடு வந்த ஆள் ‘ம், நட’ என்று அவனைக் கிளப்புகிறான். கதை நிற்கிறது. இதிலுள்ள குரூரமான பொருத்தத்தை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் தோளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எர்ஜேவின் கை வேலை செய்யும் விதம் தெரிந்ததுதான். ஒரு கையசைவுக்குக் கோட்டின்மேல் கோடாகப் போட்டுக்கொண்டே போவார். பிறகு அந்தச் சிடுக்கிலிருந்து உயிருள்ள ஒன்றை மட்டும் டிரேசிங் தாளில் எடுப்பார். நம் கண்ணுக்குத் தெரிந்த அந்தத் தெளிவான டின்டின் இப்படி வடிகட்டி வந்தவன். நான் நகலெடுத்த கட்டத்தில் தோள் ஒன்றுக்கே ஐந்து கோடுகளை எண்ணினேன். பென்சிலில் ஐந்தையும் போட்டேன். மை போடும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்தேன். மற்ற நான்கையும் அழித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டுப் பார்த்தால், எந்த மலிவுப் பதிப்பிலும் இருக்கக்கூடிய ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். எர்ஜே எடுக்காத முடிவை நான் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அவமானத்துக்காக வைத்திருக்கிறேன்.

அடுத்து வந்தது வேறு தொல்லை. எது கடைசிக் கட்டம்?

‘பிக் நம்பர்ஸ்’ 12 இதழ்களாகத் திட்டமிடப்பட்டது. ஆலன் மூர் எழுத, பில் சின்கெவிச் வரைந்தார். 1990-இல் இரண்டு இதழ்கள் வந்தன. பிறகு சின்கெவிச் விலக, வேலை அவருடைய உதவியாளர் அல் கொலம்பியாவிடம் போய் அதுவும் சரிப்படவில்லை. ஆனால் வெளிவராத மூன்றாம் இதழின் ஒளிநகல்கள் 2009-இல் இணையத்தில் தலைகாட்டின. இப்போது என் நோட்டுக்கு எது கணக்கு? அச்சான இரண்டாம் இதழின் இறுதியா, ஒளிநகலின் இறுதியா? இரண்டு நாள் யோசித்து, அச்சானதுதான் கணக்கு என்று விதி வகுத்தேன். மறுநாளே அந்த விதியால் ஆல்ஃப்-ஆர்ட் அடிபடும் என்று தெரிந்தது. எர்ஜே அந்தப் பக்கங்களை அச்சுக்கு அனுப்பவே இல்லையே. விதியைத் தூக்கிப் போட்டேன்.

‘மிராக்கிள்மேன்’ இதைவிட மோசம். நீல் கெய்மனும் மார்க் பக்கிங்ஹாமும் செய்துவந்த அந்தத் தொடர் 24-ஆம் இதழோடு 1993-இல் நின்றது. பதிப்பகம் நொடித்துப்போனது, உரிமை யாருக்கு என்ற வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2022-இல் மார்வெல் வழியாகத் தொடர் திரும்பி வந்தபோது, பக்கிங்ஹாம் தன் பழைய பக்கங்களையே புதிதாக வரைந்தார். இதைப் படித்தபோது எனக்கு அவர்மீது தனி மரியாதை வந்தது. முப்பது வருடத்தில் கை மாறியிருக்குமே, ஒட்டுப்போட்டால் தெரிந்துவிடுமே. ஆக, 1993-இன் கடைசிக் கட்டம் இப்போது கடைசியும் இல்லை, அதே கட்டமும் இல்லை. என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

‘அல்டிமேட் வோல்வரின் வெர்சஸ் ஹல்க்’ தொடரையும் அப்படியே எடுத்தேன். அது முடிந்த கதைதான். ஆனால் முதல் இதழில் ஹல்க் வோல்வரினை இரண்டாகக் கிழித்துக் கால்களை மலைக்கு மேலே வீசிவிடுகிறான். இரண்டாம் இதழ் 2006 பிப்ரவரியில் வந்தது, மூன்றாம் இதழ் 2009 மார்ச்சில். படித்தவர்கள் மூன்று வருடம் கால் இல்லாத ஆளை நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

‘பெர்செர்க்’ என்ற ஜப்பானியத் தொடருக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதை எழுதி வரைந்த கென்டாரோ மியூரா 2021 மே 6 அன்று 54 வயதில் இறந்தார். அவர் உழைத்த கடைசி அத்தியாயம் 364, அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதன் இறுதியில், நாயகன் கட்ஸும் அவன் காதலி காஸ்காவும் பார்த்துப் பழகிய அந்த ஊமைச் சிறுவன் க்ரிஃபித்தாக மாறி நிற்கிறான், கண்ணில் நீரோடு. இத்தனை வருடம் கட்ஸ் யாரைத் துரத்தினானோ அவன் கையெட்டும் தூரத்தில்.

நான் முகத்திலிருந்து தொடங்கினேன். அது பிசகு, மியூராவை முடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முடியின் ஒவ்வொரு இழையும் அடியில் தடித்து நுனியில் மறைகிறது. 0.05 பேனாவால் அதை இழுத்தால் ஒரே தடிமனில் கம்பிபோல் வருகிறது. பேனாவைச் சாய்த்து, கோட்டின் முடிவில் தாளை விட்டுத் தூக்கிவிட வேண்டும். விமானம் ஏறுவதுபோல. இது பிடிபடவே ஒரு வாரமாயிற்று, மூன்று தாள் நிறைய வெறும் முடி. இரண்டாவது வாரம் நிழல் கோடுகள். மூன்றாவது வாரம் கழுத்தருகே ஒரு சொட்டு மை விழுந்தது, மீண்டும் முதலிலிருந்து.

இத்தனைக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கட்டத்தில் விடைபெறும் தொனி எதுவுமே இல்லை. படிக்கும்போது நான் அதை முடிவாகத்தான் படித்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. வரையும்போது தெரிகிறது, அது அடுத்த பக்கத்தைத் தயார்செய்யும் கட்டம். முகம் திரும்பியிருக்கும் விதம், பக்கத்தில் மிச்சமுள்ள வெளி எல்லாமே அடுத்த மாதத்துக்கானவை. டின்டினும் அப்படித்தான் இருந்தான். கடைசிக் கட்டம் என்று ஒரு தினுசு கிடையாது. நடுவில் இருந்த ஏதோ ஒரு கட்டத்தின் தலையில் அந்தப் பெயர் விழுந்துவிடுகிறது.

2022 ஜூனில் பெர்செர்க் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு முன் மியூரா தன்னிடம் சொன்ன கதையை நண்பர் கோஜி மோரி நினைவிலிருந்து சொல்ல, மியூராவின் உதவியாளர்களான ஸ்டுடியோ காகா வரைகிறார்கள். மியூரா சொன்னதை மட்டுமே எழுதுவேன், என் சொந்தச் சரக்கைச் சேர்க்கமாட்டேன் என்று மோரி முன்கூட்டியே அறிவித்தார். அப்படியானால் 364-ஐ நோட்டில் வைக்கலாமா? வைத்திருக்கிறேன். ஐந்து வாரத்தை எடுத்தெறிய மனம் வரவில்லை, வேறு காரணம் இல்லை.

நடுவே ஒரு விஷப்பரீட்சை. கடைசிக் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தை நானே வரைந்தால்? ‘ஒமேகா தி அன்நோன்’ இதற்குத் தோதாகப் பட்டது. ஸ்டீவ் கெர்பரும் மேரி ஸ்க்ரீன்ஸும் எழுதி ஜிம் மூனி வரைந்த தொடர், 1977-இல் பத்தாம் இதழோடு நிறுத்தப்பட்டது. அதன் முடிவில் லாஸ் வேகஸ் போலீஸ் ஒமேகாவைச் சுட்டுவிடுகிறது. மிச்சக் கதை ‘டிஃபெண்டர்ஸ்’ தொடரில் வரும் என்று சொன்னார்கள். வந்தது, 1979-இல், 76, 77-ஆம் இதழ்களில், வேறொருவர் கையால். எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் கணக்கை நேர்செய்யும் எழுத்து. அலுவலகக் கோப்பை மூடுவதுபோல் இருக்கும். கெர்பர் தன் மனத்திலிருந்த முடிவைச் சொல்லாமலே 2008-இல் இறந்தார்.

நான் மூன்று அடுத்த கட்டங்கள் வரைந்தேன். முதலாவதில் ஒமேகா கண் திறக்கிறான். இரண்டாவதில் திறக்கவில்லை. மூன்றாவதில் சுட்ட போலீஸ்காரரின் கை மட்டும். மூன்றாவது பரவாயில்லை என்று ஒரு வாரம் பெருமையாக இருந்தேன். பிறகு பழைய இதழ்களைப் புரட்டினால், அது கெர்பரின் போக்கே இல்லை. எனக்குப் பிடித்த வேறு பத்துக் கதைகளின் போக்கு. மூன்றையும் நோட்டில் ஒட்டவில்லை.

‘நானா’ பக்கம் காலியாக இருக்கிறது. வரைந்துவந்த ஐ யாசாவாவின் உடல்நலக் குறைவால் 2009 ஜூனில் நின்ற ஜப்பானியத் தொடர் அது, 21 தொகுதிகள் வந்திருக்கின்றன. வரைந்தவர் இருக்கும்போது நான் ‘கடைசி’ என்று தலைப்பெழுதிக்கொண்டு உட்கார்வது அபசகுனமாகப் பட்டது. பக்க எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் முடித்தது சடோஷி கோனின் ‘ஓபஸ்’. தன் காமிக்ஸை முடிக்கப்போகும் ஓவியர் ஒருவர் அதற்குள்ளேயே விழுந்துவிடும் கதை. அதில் கடைசி அத்தியாயத்தில் சாக வேண்டிய லின் என்ற பாத்திரம், தான் சாகும் அந்தப் பக்கத்தையே திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். இதை வெளியிட்டுவந்த பத்திரிகை 1996-இல் மூடப்பட்டது, கதையும் நின்றது. 2010-இல் கோன் இறந்த பிறகு, இறுதி அத்தியாயத்தின் வரைவு அவர் வீட்டில் கிடைத்தது, தொகுப்பில் அதையும் சேர்த்தார்கள். மை போட்ட பக்கங்கள் முடிந்து, ஒரு பக்கத்தைப் புரட்டியதும் தோராயமான வரைவு தொடங்குகிறது. நான் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டையும் நகலெடுத்தேன். இடப்புறம் மை தீர்ந்த இடம், வலப்புறம் வரைவின் முதல் கட்டம். இடப்புறத்துக்கு ஒன்பது நாள். வலப்புறத்துக்கு ஒரு மாலை போதும் என்று நினைத்து, பன்னிரண்டு நாள் ஆனது. அவசரத்தில் போட்ட கோட்டை நிதானமாகப் போட்டால் பொய்யாகிவிடுகிறது. அதே வேகத்தில் இழுக்க வேண்டும், அதே இடத்திலும் விழ வேண்டும்.

அந்தப் பயிற்சி கையில் இருக்கும்போதே நேற்றிரவு டின்டினை மறுபடி எடுத்தேன், புதுப் பக்கத்தில். ரப்பரையும் மைப்பேனாக்களையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு, 2பி மட்டும். தோளுக்கு ஐந்து கோடுகள். மூன்றாவது கொஞ்சம் தடித்துவிட்டது, விட்டுவிட்டேன்.