கூடுதலாக நாலு மணி நேரம்

நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி. நான் வேலை பார்த்தது அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் நர்சிங் ஹோமில். அங்கே அது முதியவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம். வந்து சேரும் முதியவர்களில் பலர் வீடு திரும்புவதில்லை. கையிருப்பு கரைந்த பிறகு அவர்கள் செலவை மெடிக்கெய்ட், அதாவது வசதியில்லாதவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டம், ஏற்கும். ஆனால் அது ஒரு நாளைக்குத் தரும் தொகையில் போதுமான ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது.

இதற்காக 2017 செப்டம்பரில் டெக்சாஸ் தொடங்கியதுதான் க்யூ.ஐ.பி.பி. என்ற ஊக்கத்தொகைத் திட்டம். பராமரிப்பு மேம்பட்டதைக் காட்டினால் கூடுதல் பணம். எங்கள் இடம் 2019 செப்டம்பரில் சேர்ந்தது. நான் எம்.டி.எஸ். நர்ஸ், ஒவ்வொருவர் நிலைமையையும் குறைந்தது 92 நாளுக்கு ஒரு முறை படிவத்தில் ஏற்றுவது என் வேலை. படிவம் என்றாலே என்னிடம் தள்ளிவிடுவார்கள், இதுவும் வந்தது.

பணம் வரும் பாதையைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. லைசென்ஸ் உள்ளூர் அரசு மருத்துவமனை நிர்வாகத்தின் பெயரில். நடத்துவது தனியார் கம்பெனி. மாநிலத்தின் பங்கை அந்த நிர்வாகம் முன்னால் கட்டும். மீதி, நூறு டாலரில் ஏறக்குறைய 60, வாஷிங்டனிலிருந்து, அதாவது ஃபெடரல் (மத்திய) அரசிடமிருந்து வரும். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழியாக எங்களிடம். காகிதத்தில் கைமாறுவதற்கு இவ்வளவு வித்தையா என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

சரி, நிபந்தனைக்கு வருவோம். தினமும் 8 மணி நேரம் ஒரு ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஃபெடரல் விதி. நாங்கள் சேர்ந்தபோது, அதற்கு மேல் 4 மணி நேரம் இருந்தால் ஒரு தொகை, 8 மணி நேரம் என்றால் இன்னும் ஒரு தொகை என்று இருந்தது. எங்களிடம் பகலில் இரண்டு ஆர்.என். இருந்தார்கள், அதனால் கவலையில்லாமல் கணக்கு எழுதினேன். விதியை மறுபடி படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது: ஒரே நேரத்தில் இருவர் நின்றால் இரண்டாமவர் மணிகள் சேராது. எங்கள் இருவரும் காலை 6 முதல் மதியம் 2 வரை. முதல் மாதம் அந்தக் கணக்கில் பூஜ்யம்.

ஒருவரை மதியம் 2 மணி ஷிஃப்டுக்கு மாற்றினோம். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரம் என்று அவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். ஆனால் மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போதுதான் நிலைகொள்ளாது. எழுந்து நடப்பதும் விழுவதும் அந்த நேரத்தில்தான். அதுவரை அங்கே முடிவெடுக்க ஒரு ஆர்.என். இல்லாமலே ஓட்டியிருக்கிறோம்.

இதைத் தவிர மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் கணக்கும் இருந்தது: படுக்கைப் புண், மனநோய் மருந்து கொடுப்பது, நடமாட்டம் குறைவது. மூன்றும் குறைவாக இருக்க வேண்டும். மருந்துக் கணக்கில் ஸ்கிசோஃப்ரினியா இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் திடீரென்று அந்த நோயைச் சார்ட்டில் எழுதித் தப்பிக்கிற இடங்களும் உண்டு. எங்கள் டாக்டர் அதற்கு ஒத்துக்கொள்பவர் அல்ல.

அந்த மருந்து வாங்குபவர்கள் பட்டியலில் ஒரு தாத்தா. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவார், தடுத்தால் கை ஓங்குவார் என்று முன்பு இருந்த ஆஸ்பத்திரியிலேயே க்விட்டியபின் என்ற மனநோய் மருந்தை எழுதி அனுப்பியிருந்தார்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்து உயிராபத்தைக் கூட்டும் என்று 2005லேயே எச்சரிக்கை வந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அப்பா நாற்பது வருஷம் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார், மூணு மணிக்குப் பால் கறக்கப் போவார்" என்றாள். மாடு வைத்த வீட்டில் பிறந்த எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டாமா?

டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். மூன்று மணிக்கு அவருக்கு பூட்ஸ் மாட்டிவிட்டு, காபி கொடுத்து, நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கூடை துண்டு வைத்தோம். மடித்துக்கொண்டே இருப்பார். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது என்று போய்ப் படுத்துக்கொள்வார். நவம்பரில் மருந்து நின்றது.

அந்த மூன்று மாதக் கணக்கில் மருந்தில் தேறினோம், படுக்கைப் புண்ணில் தேறவில்லை. வந்த பணத்தில் முதலில் வாங்கியது நான்கு காற்று மெத்தை.