சித்தப்பாவின் சிபில் ஸ்கோரும் வார்டு மெம்பர் பதவியும்

போன வாரம் நம் குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு டீக்கடையில் நின்றபோது பக்கத்தில் தேர்தல் பேச்சு. "ஒரு பைக் எடுக்கப் போனாலே சிபில் ஸ்கோர் கேக்கானுவ, நம்மள ஆளப் போறவனுக்கு மட்டும் ஒண்ணும் வேண்டாமா? 750-க்குக் கீழ உள்ளவன நிக்கவே விடப்பிடாது" என்றார் ஒரு அண்ணாச்சி. (சிபில் ஸ்கோர் என்றால், வாங்கிய கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்து சிபில் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண்.) சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சரி என்றார்கள். எனக்கும் முதலில் சரி என்றுதான் பட்டது, ஏனென்றால் 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே, சிபில் பதிவு மோசமாக இருந்த ஒருவருக்குக் கொடுத்த வேலையை பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரிதான் என்று சொல்லியிருக்கிறது. வங்கி வேலைக்கே அப்படி என்றால் எம்.எல்.ஏ.வுக்கு?

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா நினைப்புதான்.

சித்தப்பா திருவட்டாறு பக்கம் நிலம் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை வைத்தவர். கைப்பணம் போதாமல் மாதத் தவணையில் வங்கிக் கடனும் வாங்கியிருந்தார். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். குலை தள்ளி நின்ற வாழை அத்தனையும் அன்றைக்கே ஒடிந்து விழுந்தது, பக்கத்து விளையில் ரப்பரும் வேரோடு சாய்ந்து கிடந்தது. சித்தியின் செயினைப் பணயம் வைத்து அவர் முதலில் கொடுத்தது வேலையாட்களின் கூலி. அப்புறம் பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று. வங்கித் தவணை நின்றுபோனது.

போன வருஷம் அவருடைய கடன் அறிக்கையை என் போனில் இறக்கிப் பார்த்தோம் (வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக எடுக்கலாம், எடுத்துப் பாருங்கள்). மாதத்துக்கு ஒரு கட்டம். வரிசையாக 000, 000, 000. அதாவது ஒரு நாள்கூட தாமதம் இல்லை. 2017 டிசம்பருக்குப் பிறகு 30, 61, 91 என்று ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கட்டத்துக்குள் ஒக்கி என்று எழுத இடம் இல்லை. கூலி பாக்கி வைக்காமல் கொடுத்ததற்கும் அதில் இடம் இல்லை. 2021 மார்ச்சில் வட்டியோடு முழுசாகக் கட்டி முடித்தார். ஆனாலும் 750 இன்னும் எட்டவில்லை.

300-லிருந்து 900 வரை போகும் அந்த எண், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாயா என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதே இல்லை. லஞ்சம் வாங்கித் தேதி தவறாமல் தவணை கட்டுகிறவனுக்கும் நல்ல ஸ்கோர்தான் வரும். குளச்சலில் மீன் ஏலம் பிடிப்பவரிடம் முன்பணம் வாங்கி வருஷக்கணக்கில் நாணயமாக அடைத்து வரும் மீனவருக்கோ அந்தக் கணக்கு எங்கேயும் ஏறாது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் நம் எம்.பி.யாக அனுப்பிய காமராஜர் கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தவர். அவரை எந்த ஸ்கோரில் வைத்துப் பார்ப்பது?

அதற்காக வேட்பாளரின் கடனைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், எண்ணைப் பார்க்காமல் கடனைப் பார்க்க வேண்டும். மஞ்சக் கடுதாசி கொடுத்து நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவித்து, அதிலிருந்து இன்னும் விடுபடாத ஒருவர் எம்.எல்.ஏ. ஆக முடியாது என்று அரசியல் சாசனத்தின் 191-வது பிரிவே சொல்கிறது. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகு, வேட்பு மனுவோடு கொடுக்கும் படிவம் 26-ல் தனக்கும் மனைவிக்கும் எந்த வங்கியில் எவ்வளவு கடன், அரசுக்கு என்ன பாக்கி என்று எல்லாம் எழுதியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டீக்கடையில் அவ்வளவு பேசினோமே, அதை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

என் கணக்கு இதுதான். கட்ட வழியில்லாமல் தவறியவன் வேறு, கையில் காசை வைத்துக்கொண்டே கட்டாதவன் வேறு. ரிசர்வ் வங்கியும் 25 லட்சத்துக்கு மேல் வேண்டுமென்றே கட்டாதவர்களைத் தனியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதில் பெயர் இருக்கும் ஆள் என் சொந்தக்காரனாகவே இருந்தாலும் என் ஓட்டு கிடையாது. அந்த அண்ணாச்சி சொன்ன 750 கோட்டைப் போட்டால் அடிபடப் போவது இவர்கள் மட்டும் இல்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லாமல் தவணை தவறும் ரப்பர் தொழிலாளியும், கடலுக்குப் போக முடியாத மாசத்தில் தவறும் மீனவரும்தான். நம் மாவட்டத்தில் பாதி ஊரில் நிற்க ஆள் இருக்காது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் சித்தப்பா வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறார். வீட்டு வரி ரசீதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். அந்த அறிக்கையையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்து, யாராவது கேட்டால் மறைக்காமல் காட்டுங்க சித்தப்பா என்றேன். "காட்டுனா என்ன மக்கா, வாழை விழுந்தது ஊருக்கே தெரியுமே" என்றார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தி 2021 மார்ச்சில் நிறுத்தினார்.

"இதுல அடச்சு முடிச்சாச்சுன்னு எழுதியிருக்குல்லா?"

எழுதியிருக்கிறது.